பூசணிக்காய் எப்படி வண்டியானது? பழைய தேவதைக் கதைகளை அறிவியல் புனைவாக எழுதத் தொடங்குகிறவர்களுக்கு

சிண்டரெல்லா கதையில் ஒரு பூசணிக்காய் வண்டியாக மாறுகிறது. எப்படி மாறியது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் "பேசாம கதையைக் கேளு" என்று ஓர் அதட்டல் விழும், அவ்வளவுதான். மந்திரக் கதையின் சௌகரியமே அது. தேவதை வந்தாள், கோலை ஆட்டினாள், வண்டி வந்தது. அதே கதையை அறிவியல் புனைவாக எழுத உட்கார்ந்தால் அந்தச் சௌகரியம் போய்விடுகிறது. எப்படி மாறியது, யார் மாற்றினார்கள், அதற்கு என்ன செலவு, யார் கொடுத்தார்கள், ஏன் சரியாக இரவு பன்னிரண்டு மணிக்கு எல்லாம் தீர்ந்துபோகிறது, இத்தனைக்கும் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். எல்லாப் பதிலையும் கதைக்குள் கொட்ட வேண்டியதில்லை, ஆனால் எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பதில்களைத் தேடும்போதுதான் புதுக்கதை கிடைக்கிறது என்பது என் கட்சி.

மலேசியாவில் எங்கள் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் கதை எழுத ஆசைப்படும் பிள்ளைகள் கொண்டுவந்து காட்டும் முதல் முயற்சிகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். பூசணிக்காய்க்குப் பதில் ராக்கெட், தேவதைக்குப் பதில் ரோபோ, இளவரசனுக்குப் பதில் விண்கலத் தலைவன், அரண்மனைக்குப் பதில் விண்வெளி நிலையம். மற்றதெல்லாம் அப்படியே. தீபாவளிக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கும் பழைய ஆள் மாதிரி இருக்கிறது, பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஆள் அதே ஆள். ரோபோ கையை ஆட்டினால் ராக்கெட் வருகிறது என்றால் அது இன்னும் மந்திரம்தான், இரும்புச் சட்டை போட்ட மந்திரம்.

சரி, அப்படியானால் அறிவியல் புனைவு என்றால் என்ன? இதற்கு நூறு விளக்கம் உண்டு. தொடங்குகிறவர்களுக்கு உதவுகிற ஒன்றை மட்டும் சொல்கிறேன். டார்கோ சுவின் என்ற விமர்சகர் 1979இல் வெளியிட்ட நூலில் சொன்னதன் சாரம் இது: நம் உலகில் இல்லாத ஒரு புது விஷயம் கதைக்குள் வருகிறது, அது அறிவுக்கு ஒத்துப்போகிற மாதிரி வருகிறது, அதன் விளைவுகள் தர்க்கப்படி கதை முழுக்கப் பரவுகின்றன. ஒரே ஒரு புது விஷயம் போதும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றிலும் நேர்மையாக இருக்க வேண்டும்.

ஆர்தர் சி. கிளார்க் சொன்ன ஒரு வாக்கியத்தை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள்: போதிய அளவு முன்னேறிய எந்தத் தொழில்நுட்பத்தையும் மந்திரத்திலிருந்து பிரித்தறிய முடியாது. உண்மைதான், ஆனால் பிரித்தறிய முடியாதது கதைக்குள் நின்று பார்க்கிறவருக்கு. எழுதுகிறவர் அதையே சாக்காக வைத்து "முன்னேறிய தொழில்நுட்பம், அதனால் எதுவும் நடக்கும்" என்று தப்பித்தால் கதையில் பதற்றமே இருக்காது. எதுவும் நடக்கும் என்றால் எதற்குப் பயப்படுவது?

அடுத்தது, கதையின் எலும்பு. எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று தெரிய அதைப் பார்த்தே ஆகவேண்டும். நாட்டுப்புறக் கதைகளை வகைப்படுத்த அறிஞர்கள் ஓர் எண் வரிசை வைத்திருக்கிறார்கள். ஆர்னே 1910இல் தொடங்கினார், தாம்சன் விரித்தார், ஊதர் 2004இல் திருத்தினார். அதில் சிண்டரெல்லா 510ஏ, சிவப்புத் தொப்பிச் சிறுமி 333, ராபன்ஸல் 310. எண் கொடுக்கும் அளவுக்கு ஒரே கதை பல ஊரில் திரிகிறது என்பதுதான் இதில் நமக்கு வேண்டிய செய்தி. கண்ணாடிச் செருப்பு 1697இல் பிரெஞ்சுக்காரர் பெரோ எழுதியதில் வருகிறது. 1812இல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட ஜெர்மன் வடிவத்தில் கண்ணாடி இல்லை, பூசணிக்காய் இல்லை, தேவதைகூட இல்லை. அம்மாவின் கல்லறை மேல் வளர்ந்த மரமும் பறவைகளும்தான் உதவுகின்றன. அக்காக்கள் செருப்புக்குள் கால் நுழைவதற்காக விரலையும் குதிகாலையும் வெட்டிக்கொள்கிறார்கள். அதற்கெல்லாம் முன்னால், 9ஆம் நூற்றாண்டுச் சீனாவில் எழுதப்பட்ட ஒன்றில் யே சியன் என்ற பெண்ணுக்கு உதவுவது ஒரு மீனின் எலும்பு.

அந்த மீன் இங்கேயும் நீந்தி வந்திருக்கிறது. மலாய்க்கார நண்பர்கள் வீட்டில் பாவாங் பூத்தே, பாவாங் மேரா கதை கேட்டிருப்பீர்கள். செத்துப்போன அம்மா மீனாக வருகிறாள், அந்த மீனையும் கொன்றுவிடுகிறார்கள், எலும்பைப் புதைத்த இடத்தில் மரம் முளைக்கிறது, மரத்தில் ஓர் ஊஞ்சல். நல்ல பெண் பாடினால் மட்டும் ஊஞ்சல் தானாக ஆடும். ராஜகுமாரன் அதை வைத்துத்தான் அவளைக் கண்டுபிடிக்கிறான். செருப்பு பொருந்துவதும் ஊஞ்சல் ஆடுவதும் ஒரே வேலையைச் செய்கின்றன: ஒருத்தி இன்னார்தான் என்று நிரூபிக்கிற சோதனை. கால் அளவு, குரல். இன்றைய கைப்பேசி விரல் ரேகையும் முகமும் கேட்கிறது, இந்தக் கதைகள் எவ்வளவோ காலத்துக்கு முன்பே கேட்டுவிட்டன.

ஆக, 510ஏ கதையின் எலும்பு என்று எடுத்தால் எனக்குத் தெரிவது இதுதான். வீட்டுக்குள்ளேயே கீழே தள்ளப்பட்ட ஒருத்தி, இறந்த தாயின் பக்கத்திலிருந்து வருகிற உதவி, தற்காலிகமாகக் கிடைக்கும் வேறு தோற்றம், பிறகு இன்னார் என்று கண்டுபிடிக்கும் சோதனை. பெரோ சொன்ன வடிவத்தில் ஒரு கெடு நேரமும் சேர்கிறது. பூசணிக்காய் இந்தப் பட்டியலில் இல்லை. தாராளமாகத் தூக்கிப் போடலாம். (விளாதிமிர் பிராப் என்ற ரஷ்யர் 1928இல் நூறு ரஷ்யக் கதைகளை உரித்துப் பார்த்து அவற்றின் நிகழ்வுகளை 31 வகையில் அடக்கினார். ஆர்வம் இருந்தால் தேடிப் படியுங்கள், ஆனால் அதைச் செய்முறைக் குறிப்பாக வைத்து 31ஐயும் நிரப்பாதீர்கள், உயிரே இருக்காது.)

இப்போது இதை நிலவுக்குக் கொண்டுபோவோம். ஏன் நிலவு? பன்னிரண்டு மணிதான் காரணம். கெடுவை யாரோ ஒருவர் சும்மா விதித்தது என்று இல்லாமல், இயற்கையே விதித்ததாக இருந்தால் கதை கெட்டிப்படும்.

நிலவில் ஒரு சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை நம் கணக்கில் சுமார் 29.5 நாள். அதாவது ஏறக்குறைய இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. பகலில் வெப்பம் 120 டிகிரி செல்சியஸைத் தொடும், இரவில் மைனஸ் 130க்கு இறங்கும். நம் சிண்டரெல்லாவின் உடை சூரிய ஒளியில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுதான் நாம் சேர்க்கும் ஒரே புது விஷயம். உடை அவளுடையது இல்லை, இறந்த அம்மாவோடு உடைப் பட்டறையில் வேலை செய்த அத்தை ஒருத்தி, பொழுது சாய்வதற்குள் திருப்பித் தரவேண்டும் என்று சொல்லித் திருட்டுத்தனமாக எடுத்துக் கொடுத்தது. சூரியன் போனால் உடை செத்துப்போகும், உள்ளே இருப்பவளும்.

இப்போது கணக்குப் போடலாம். சூரியன் வானத்தில் அவ்வளவு மெதுவாக நகர்வதால் நிலவில் சூரிய வட்டம் அடிவானத்தில் முழுதாக மறைய ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. பன்னிரண்டு மணி அடித்து முடிக்கவே ஒரு மணி நேரம்! அந்த ஒரு மணி நேரத்தில் நடனம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், நிழல்கள் மைல் கணக்கில் நீள்கின்றன, அவள் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள்.

இன்னொரு கணக்கு இதைவிட ருசியானது. நிலவின் நடுக்கோட்டில் இரவின் விளிம்பு நகரும் வேகம் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர்தான். சைக்கிள் வேகம். 1972இல் அப்போலோ 17 பயணத்தில் செர்னன் ஓட்டிய நிலவு வண்டி மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டரைத் தொட்டது. அதாவது ஒரு சாதாரண வண்டி இருந்தால், நிற்காமல் மேற்கே போய்க்கொண்டே இருந்தால், பன்னிரண்டு மணியை வரவிடாமல் செய்யலாம். துருவத்தை நோக்கிப் போகப் போக அந்த வேகமும் குறையும், 60 டிகிரி அட்சரேகையில் பாதிதான்.

இந்த இடத்தில் பழைய கதை உடைகிறது, உடையட்டும். சிண்டரெல்லாவின் வீடு கிழக்கே இருந்தால் அங்கே ஏற்கெனவே இருட்டிவிட்டது. வீட்டுக்கு ஓடினால் சாவு, வீட்டை விட்டு ஓடினால் உயிர். பழைய கதையில் மணி அடித்ததும் அவள் அடுப்படிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. இதில் திரும்பவே முடியாது. அவளை அடைத்துவைத்திருந்த வீட்டுக்கு அவளைத் திரும்பவிடாமல் செய்வது நிலவின் சுழற்சிதான், எந்தத் தேவதையும் இதைச் செய்திருக்க முடியாது. இளவரசன் செருப்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பயனில்லை, அவனும் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரில் வெளிச்சத்தோடு சேர்ந்து ஓடவேண்டும். இதை நான் உட்கார்ந்து கற்பனை செய்யவில்லை, நிலவு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பார்த்தேன், கதை தானாக அந்தப் பக்கம் போனது.

செருப்புக்கும் பதில் வேண்டும். ஊர் முழுக்க ஒருத்திக்கு மட்டும் பொருந்துகிற செருப்பு என்பதைச் சின்ன வயதிலேயே பலரும் நம்பியிருக்க மாட்டார்கள், எட்டாம் நம்பர் கால் எத்தனை பேருக்கு இருக்கும்! ஆனால் விண்வெளி உடை என்றால் நம்பலாம். அப்போலோ வீரர்களின் உடைகள் ஒவ்வொருவருக்கும் தனி அளவெடுத்துத் தைக்கப்பட்டவை, தைத்தவர்கள் இன்டர்நேஷனல் லேடெக்ஸ் என்ற, பெண்களின் உள்ளாடைக்குப் பேர்போன நிறுவனத்தைச் சேர்ந்த தையல்காரப் பெண்கள். ஒரு தையல் பிசகினால் ஆள் காலி. அப்படியானால் அந்தக் காலணி பொருந்துவது உயிர் சம்பந்தப்பட்டது. கிரிம் கதையில் விரலை வெட்டிக்கொண்ட அக்கா, இங்கே பொருந்தாத காலணியை மாட்டிக்கொண்டு காற்றில்லாத வெளியில் கால் வைக்கப்போகிறாள். ஆனால் ஒன்று இடிக்கிறது, உடை இரவல் என்றோமே, இரவல் உடையின் காலணி எப்படி அவளுக்கே அளவெடுத்ததுபோல் பொருந்தும்? அத்தை அதை யாருக்காகத் தைத்தாள்? அதைக் கண்டுபிடித்தால் உங்கள் கதையின் முடிவு கிடைத்துவிடும், நான் சொல்லப்போவதில்லை.

சிவப்புத் தொப்பிச் சிறுமிக்கு வருவோம். இந்தக் கதையில் பலரும் ஓநாயைத்தான் மாற்றப் பார்ப்பார்கள், ஓநாய்க்குப் பதில் வேற்றுக்கிரகவாசி. எனக்கு அது சுவாரசியமாகத் தெரியவில்லை. கதையின் உயிர் அந்தக் கேள்விகளில் இருக்கிறது: பாட்டி, உன் காது ஏன் இவ்வளவு பெரிது, கண் ஏன் இவ்வளவு பெரிது, பல் ஏன் இவ்வளவு பெரிது. எதிரில் இருப்பது பாட்டிதானா என்று ஒரு சிறுமி கேள்வி கேட்டே கண்டுபிடிக்கப் பார்க்கிறாள். ஆலன் டூரிங் 1950இல் எழுதிய கட்டுரையில், எதிர்ப்பக்கம் இருப்பது மனிதனா இயந்திரமா என்று எழுத்தில் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்று வருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்றைக்கு ஒருவரின் குரலைச் சில வினாடிப் பதிவிலிருந்தே போலியாகச் செய்துவிட முடிகிறது. மக்காவ் ஸ்கேம் என்று இங்கே நாம் சொல்கிற தொலைபேசி மோசடியைத் தெரியாத வீடு கிடையாது. போலீஸ் பேசுகிறேன், பேங்க் பேசுகிறேன் என்று வந்தவன் இனிமேல் பாட்டியின் குரலிலேயே வருவான். ஆகவே ஓநாய் ஒரு குரல். இதை நம் தாமானில், அதாவது நம் குடியிருப்பில், வைத்தே எழுதலாம், ஆனால் செவ்வாய்க்குப் போனால் இன்னொரு வசதி கிடைக்கிறது.

பூமியிலிருந்து செவ்வாய்க்கு வானொலி அலை போய்ச்சேரக் குறைந்தது 3 நிமிடம், இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் இருக்கும்போது 22 நிமிடம் வரை ஆகிறது. ஒளியின் வேகம் அதுதான், அதை யாரும் மீற முடியாது, ஓநாயும் மீற முடியாது. சிறுமி சரக்குக் கலத்தில் பாட்டி இருக்கும் செவ்வாய் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். தினமும் பேசிக்கொள்கிறார்கள், அதாவது பேசிவிட்டுக் காத்திருக்கிறார்கள். வழியில் எங்கோ பக்கத்துக் கலத்தில் பதுங்கியிருக்கும் ஒன்று பாட்டியின் குரலை எடுத்துக்கொண்டுவிட்டது.

"பாட்டி, பசியாறிட்டீங்களா?"

"ஆச்சும்மா. நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். உங்க குரல் ஏன் பாட்டி இவ்வளவு தெளிவா இருக்கு?"

"இங்க புது ஆன்டெனா மாட்டியிருக்காங்கம்மா."

"எல்லாமே ஞாபகம் வச்சிருக்கீங்களே பாட்டி, போன வருஷம் நான் போட்டிருந்த சட்டைகூட?"

"உன்னை மறப்பேனா?"

"பாட்டி, நான் கேட்டு ஆறு நிமிஷம்தான் ஆகுது. என் குரல் உங்ககிட்ட வந்து சேரவே எட்டு நிமிஷம் ஆகுமே. எப்படிப் பாட்டி இவ்வளவு சீக்கிரம் பதில் சொல்றீங்க?"

இதற்குப் பிறகு ஓநாய் சொல்லும் பதிலை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இன்னும் கெட்டிக்கார ஓநாய் என்றால் வேண்டுமென்றே பதினாறு நிமிடம் காத்திருந்து பதில் சொல்லும். அப்போது சிறுமிக்கு வேறு துப்பு வேண்டும். கலம் செவ்வாயை நெருங்கிக்கொண்டே இருக்கிறது, அதனால் உண்மையான பாட்டியின் பதில் நாளுக்கு நாள் கொஞ்சம் சீக்கிரமாக வரவேண்டும். ஓநாயோ தினமும் அதே பதினாறு நிமிடத்தில் நிற்கிறது. நோட்டில் தேதி போட்டு நேரத்தைக் குறித்துவைக்கும் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணால் இதைப் பிடித்துவிட முடியும்.

முடிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரோ எழுதியதில் ஓநாய் அவளைத் தின்றுவிடுகிறது, கதை அங்கேயே முடிகிறது. வேட்டைக்காரன் வந்து வயிற்றைக் கிழித்துக் காப்பாற்றுவது கிரிம் வடிவம். இரண்டில் எதை எடுத்தாலும் தப்பில்லை, ஆனால் அறிவியல் புனைவில் கடைசி நிமிடத்தில் எங்கிருந்தோ ஒரு காவல் கலம் வந்து காப்பாற்றினால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். நாம் வைத்த விதியே காப்பாற்ற வேண்டும் அல்லது கொல்ல வேண்டும்.

ராபன்ஸல் கோபுரம் விண்ணுயர்த்திக்கு, அதாவது தரையிலிருந்து விண்வெளி வரை ஏறிப்போகும் மின்தூக்கிக்கு, அப்படியே பொருந்துகிறது. ஐஃபல் கோபுரத்தைப் பார்த்து ரஷ்யரான சியோல்கோவ்ஸ்கி 1895இல் விண்வெளி வரை உயரும் கோபுரத்தைக் கற்பனை செய்தார். பின்னால் வந்தவர்கள் அதை மேலிருந்து தொங்கும் வடமாக மாற்றினார்கள். பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பொருளைச் சுற்றவிட்டால் அது ஒரே இடத்துக்கு மேல் நிற்பதுபோல் இருக்கும். நம் வீட்டுக் கூரையில் ஆஸ்ட்ரோ தொலைக்காட்சித் தட்டு பார்த்துக்கொண்டிருப்பது அப்படி நிற்கும் ஒரு செயற்கைக்கோளைத்தான். நடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால்தான் நம் தட்டுகள் ஏறக்குறைய தலைக்கு மேலேயே பார்க்கின்றன. அங்கிருந்து கீழே ஒரு வடம், எடையைச் சமன் செய்ய மேலே இன்னும் வடம். அவ்வளவு நீளத்துக்குத் தாங்கும் வடம் இன்றுவரை யாரிடமும் இல்லை, அதுதான் இந்தக் கதையின் ஒரே புது விஷயம்.

முடியாகவே இருக்கட்டும் என்று ஒரு பையன் அடம்பிடித்தான். மனித முடி வருடத்துக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் வளரும், 35,786 கிலோமீட்டர் வளர ஏறக்குறைய 24 கோடி வருடம் வேண்டும், டைனோசர்கள் தலைகாட்டிய காலத்தில் அவள் முடி வளர்க்கத் தொடங்கியிருக்க வேண்டும். வடமாகவே இருக்கட்டும் என்று பிறகு ஒத்துக்கொண்டான்.

இதில் எனக்குப் பிடித்தது சூனியக்காரி முடியை வெட்டும் கட்டம். பழைய கதையில் எங்கே வெட்டினாலும் ஒன்றுதான். இங்கே எங்கே வெட்டுகிறாள் என்பதே எல்லாம். வடத்தைத் தரைக்குப் பக்கத்தில் வெட்டினால் மேலே இருக்கும் முழு வடமும் இழுவிசையில் வெளிப்பக்கம் எழும்பிப் போய்விடும், ராபன்ஸலோடு சேர்த்து. உச்சிக்குப் பக்கத்தில் வெட்டினால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வடம் பூமியின் மேல் வந்து விழும். முதலாவது ஒரு பெண்ணை நாடு கடத்துவது, இரண்டாவது ஊரையே அழிப்பது. சூனியக்காரி யார் என்பது அவள் கத்தி வைக்கிற இடத்தில் தெரிந்துவிடும்.

மற்றக் கதைகளை வேகமாகப் பார்த்துவிடலாம். தூங்கும் அழகியின் நூறு வருடத்துக்கு உறைதூக்கம்தான் எல்லாரும் எடுப்பது, எனக்குச் சலித்துவிட்டது. ஒளியின் வேகத்தில் 99.5 சதவீதத்தில் போகும் கலத்தில் பத்து வருடம் கழிந்தால் ஊரில் நூறு வருடம் ஓடியிருக்கும், அது ஐன்ஸ்டைன் கணக்கு, அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உண்மையான கதை எழுந்த பிறகு இருக்கிறது: அவளுடைய மைகாட் அடையாள அட்டை செல்லாது, அவளைத் தெரிந்தவர் யாரும் உயிரோடு இல்லை, அவள் இந்த நாட்டவள்தான் என்று சாட்சி சொல்ல ஆளில்லை. பத்திரம் இல்லாமல், குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அட்டையோடு காலம் தள்ளிய பெரியவர்களைத் தோட்டத்தில் பார்த்திருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஸ்னோ வைட்டின் கண்ணாடி? ஏழு மலைக்கு அப்பால் அவள் இருப்பது கண்ணாடிக்கு எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள், கண்காணிப்புப் பற்றிய கதை வந்துவிடும். ஹான்சல், கிரேட்டல் போட்டுவைத்த ரொட்டித்துண்டைப் பறவைகள் தின்றதுபோல், வழிகாட்டும் சமிக்ஞையைத் தின்கிற ஏதோ ஒன்று. அதற்கு மேல் நான் அதில் யோசித்ததில்லை.

இனி பிரபஞ்சம். பலரும் இங்கேதான் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து நரம்பு நரம்பாக நியான் விளக்குப் போட்ட நகரங்களை எழுதுகிறார்கள். நமக்கு அது எதற்கு? நாம் வளர்ந்த இடத்தின் வரலாறே கிரகம் விட்டுக் கிரகம் போகும் கதை. ரப்பர் இந்த மண்ணுக்குச் சொந்தமில்லை. 1876இல் விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார், முளைத்ததில் 22 நாற்று 1877இல் சிங்கப்பூர் வந்தது. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சொந்தம். வணிகத்துக்காக இந்த நாட்டில் அதை முதலில் நட்டது 1917இல், எங்கள் பத்தாங் பெர்ஜுந்தையில் உள்ள தென்னமரம் தோட்டத்தில். வேறு கண்டத்துச் செடிக்காகக் காட்டை அழித்து, வேறு நாட்டு ஆட்களைக் கப்பலில் ஏற்றி வந்து, வரிசையாக லயம் கட்டி, கங்காணி, கிராணி, துரை என்று அடுக்கு வைத்து நடத்திய ஒரு குடியேற்றம். தமிழ்நாட்டிலிருந்து ரஜூலா கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு விண்கலத்தில் குடியேறப் போகிறவர்களின் மனசைப் பற்றி வெளியிலிருந்து யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அந்த விவரங்களை அப்படியே கொண்டுபோங்கள். விடியுமுன் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு, இருட்டிலேயே ரப்பர் மரத்தில் பால்வெட்டு, ஏனென்றால் வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் சம்பளம் இல்லை. வேறொரு சூரியனைச் சுற்றும் கிரகத்தில், நாள் 60 மணி நேரம் நீளும் இடத்தில், விடியற்காலை எவ்வளவு நேரம் இருக்கும்? ஆட்கள் எத்தனை மணி நேரம் வெட்டுவார்கள்? யார் அந்தக் கணக்கை எழுதுகிறார்கள்? சிண்டரெல்லாவின் கெடுவுக்குக்கூட நிலவு வரை போகவேண்டாம். வெட்டிய செம்பனைக் குலையை ஏறக்குறைய 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்கப் பார்ப்பார்கள், தாமதமானால் பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெய்த் தரம் கெட்டுவிடும். குலை ஏற்றிய லோரியில் ஒளிந்துகொண்டு விருந்துக்குப் போகிறவளுக்கு லோரி திரும்புகிற நேரம்தான் பன்னிரண்டு மணி. பழம் கெட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள், அவளுக்கு மட்டும் பிடிக்கமாட்டார்கள், ஓட்டிவந்த மாமாவுக்கும் சேர்த்துத்தான். பழைய கதையில் தாமதித்தால் அவள் மானம் மட்டும் போகும், இதில் அவளுக்கு உதவியவரின் வயிற்றில் அடி விழும்.

முதல் கதை எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது: ஒரு கதை, ஒரு மந்திரம், அதற்கு ஒரு விதி. நாலைந்து பக்கம் போதும். விதியைத் தாளில் ஒரே வாக்கியமாக எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள், எழுதும்போது அதை மீற ஆசை வரும், மீறாதீர்கள், மீற வேண்டிய அவசியம் வருகிற இடம்தான் கதையில் யோசிக்க வேண்டிய இடம். விளக்கத்தை நீட்டாதீர்கள். ஒளியின் வேகம் பற்றி இரண்டு பக்கப் பாடம் எழுதி அனுப்பினார் ஒருவர். அதில் பாட்டியைக் காணோம். எக்ஸ்-21, இசட்-9 என்று பெயர் வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம், எதிர்காலத்திலும் ஆட்களுக்கு முனியம்மா, கோவிந்தன் என்று பெயர் இருக்கும். எண்களைச் சரிபார்க்கப் பள்ளிக்கூட அறிவியல் ஆசிரியர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

உரிமைப் பிரச்சினை வருமா என்றும் கேட்கிறார்கள். பெரோ இறந்தது 1703இல், கிரிம் சகோதரர்கள் இருவரும் 1863க்குள் போய்விட்டார்கள், அவர்கள் எழுதியது இப்போது எல்லாருக்கும் பொது. ஆனால் கார்ட்டூன் படங்களில் புதிதாகச் சேர்த்தவை பொது இல்லை. ஸ்னோ வைட்டின் குள்ளர்களுக்குக் கிரிம் கதையில் பெயரே கிடையாது, நமக்குத் தெரிந்த ஏழு பெயரும் 1937ஆம் ஆண்டுப் படத்தில் வந்தவை. அதேபோல் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பைப் பார்த்து எழுதினால், அந்த மொழிபெயர்ப்பாளரின் வரிகள் அவருடையவை. எழுதத் தொடங்கும் முன் கதையின் பழைய வடிவத்தைத் தேடி ஒருமுறை படித்துவிடுங்கள், எது கதைக்குச் சொந்தம், எது படத்துக்குச் சொந்தம் என்று அங்கேயே தெரிந்துவிடும்.